அம்பாசடரில் ஹாரன் அடிக்கவில்லையா? புதுசு வாங்கும் முன் இதைப் பாருங்கள்

ஹாரன் அடிக்கவில்லை என்றதும் பலரும் நேராகக் கடைக்குப் போய்ப் புது ஹாரன் வாங்கிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். பழைய அம்பாசடரில் பெரும்பாலும் ஹாரன் நன்றாகத்தான் இருக்கும், கோளாறு வயரிலோ பட்டனிலோ இருக்கும். அந்தக் கனத்த சத்தத்தை இழக்க எனக்கு மனசே வராது.

அம்பாசடரின் மூலம் 1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அந்தக் கால பிரிட்டிஷ் வயரிங்கில் ஹாரனுக்கு பியூஸ் வழியாகக் கரண்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும், ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் பட்டன் ஹாரனின் மறுமுனையை பாடியோடு சேர்த்து எர்த் கொடுக்கும், அவ்வளவுதான். இடையில் யாராவது வயரிங்கை மாற்றியிருந்தால் தவிர இப்படித்தான் இருக்கும்.

முதலில் ஹாரனின் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து தனியாக இரண்டு வயர் இழுத்து அதன் டெர்மினல்களில் தொட்டுப் பாருங்கள். அடித்தால் ஹாரன் நல்லது. 'டிக்' என்று மட்டும் கேட்டால் உள்ளே பாயிண்ட் (கரண்டை விட்டு விட்டுக் கொடுக்கும் தொடுமுனை) அட்ஜஸ்ட் தவறியிருக்கிறது. பின்பக்கம் இருக்கும் சின்ன அட்ஜஸ்ட் ஸ்குருவைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் இப்படியும் அப்படியும் திருப்பினால் சத்தம் திரும்பிவிடும். நடுவில் இருக்கும் பெரிய நட்டை மட்டும் தொடவே தொடாதீர்கள், அதிர்ந்து சத்தம் எழுப்பும் டயாஃப்ரம் தகட்டின் அமைப்பே கெட்டுவிடும்.

ஹாரன் நல்லது என்றால் வயர்களைத் திரும்ப மாட்டி, டெஸ்ட் லேம்பின் (இரண்டு வயர் மாட்டிய சின்ன பல்ப்) ஒரு முனையை பாடியிலும் மறுமுனையைக் கரண்ட் வரும் முனையிலும் வைத்துப் பாருங்கள். எரியவில்லையா? பியூஸைக் கழற்றுங்கள். பெரும்பாலும் பியூஸ் போயிருக்காது, அதைப் பிடித்திருக்கும் கிளிப் பச்சை பூத்துக் கிடக்கும். பழைய வண்டிகளில் இது ரொம்ப சகஜம். எமரி பேப்பரால் செம்பு மின்னும் வரை தேயுங்கள்.

லேம்ப் எரிகிறது, ஆனாலும் ஹாரன் அடிக்கவில்லை என்றால், பட்டனுக்குப் போகும் வயரை ஸ்டீயரிங் குழாயின் அடியில் கழற்றி, ஹாரன் பக்க முனையை பாடியில் தொடுங்கள். இப்போது அடித்தால் கோளாறு பட்டனில்தான், அல்லது குழாய்க்குள் போகும் வயரில். பட்டனைக் கழற்றினால் உள்ளே இருக்கும் பித்தளைத் தகட்டில் கருகிய குழி ஒன்று தெரியும், ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் பொறி பறந்து விழுந்த குழி அது. தேய்த்துச் சுத்தம் செய்து, ஸ்பிரிங் சரியாக எம்புகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

திரும்பும்போது தானாக அடிக்கிறது என்றால் அதே குழாய்க்குள் வயரின் தோல் தேய்ந்து உலோகத்தில் உரசுகிறது. டேப் சுற்றிச் சமாளிக்காமல் வயரையே மாற்றுங்கள். ஒரேயடியாக அலறினால் முதலில் ஹாரன் வயரைப் பிடுங்குங்கள், அப்புறம் காரணம் தேடலாம்.

சத்தம் மெலிந்திருந்தால் பட்டனை அழுத்தியபடியே ஹாரனின் இரண்டு டெர்மினலுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். பேட்டரியில் 12 வோல்ட் இருக்க இங்கே 9 தான் காட்டுகிறது என்றால் வழியில் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது.

இரட்டை ஹாரன் மாட்டியிருப்பவர்கள் ஒரு ரிலே (சின்ன கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டுவிடுவது நல்லது, பட்டன் கருகாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ரிலேயின் கால்களில் எண் இருக்கும்: பட்டன் வயர் 85இல், எப்போதும் கரண்ட் இருக்கும் வயர் 86இல், பேட்டரியிலிருந்து தனி பியூஸ் போட்ட தடித்த வயர் 30இல், ஹாரனுக்குப் போவது 87இல். ஹாரன்களின் மறுமுனையை பெயிண்ட் சுரண்டிய இடமாகப் பார்த்து பாடியில் முறுக்குங்கள்.