தலைவலிக்குப் பத்து போடும் முன்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் இருக்கும் எந்தத் தெருவிலும் காலை 11 மணிக்கு மெடிக்கல் ஷாப் பக்கம் நின்று பாருங்கள். டீ பிரேக்கில் வருகிறவர்களில் ஒருவராவது இப்படிக் கேட்பார்.

"அண்ணா, மண்டையிடி தாங்கலைங்க. ஒரு மாத்திரை குடுங்க."

"காலைல சாப்ட்டீங்களாக்கா?"

"எங்கீங்க? எட்டரைக்கு உள்ள போகோணும். டீயும் வர்க்கியும்தான்."

கடைக்காரர் கேட்டது சரியான கேள்வி. மாத்திரை கைக்கு வந்ததும் இரண்டு பேருமே அதை மறந்துவிடுகிறார்கள். முந்தின நாள் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு 9 மணிக்குச் சாப்பிட்டவர், மறுநாள் மதியம் 1 மணி வரை டீயிலேயே ஓட்டினால் நடுவில் 16 மணி நேரம் ஆகிறது. பட்டினியால் வரும் தலைவலியை மருத்துவர்கள் தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் கிளம்பும். இதற்குத் தைலமும் வேண்டாம், பத்தும் வேண்டாம். நாலு இட்லி சாப்பிட நேரமில்லையா, ஒரு சொம்பு கம்பங்கூழில் மோரை ஊற்றிக் குடித்துவிட்டு வண்டி ஏறலாம். அதே வெறும் வயிற்றில் வலி மாத்திரையைப் போட்டால் வயிறும் புண்ணாகலாம்.

தலைவலி வந்ததும் எதைப் போடலாம் என்றுதான் எல்லோரும் யோசிக்கிறோம். அது எப்போது வருகிறது, கூடவே என்னென்ன வருகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. நம் வீட்டு வைத்தியங்கள் பெரும்பாலும் நல்லவைதான். தப்பான வலிக்கு, தப்பான நேரத்தில் செய்வதால் கெட்ட பெயர் வாங்குகின்றன.

ஞாயிற்றுக்கிழமை வலி

வாரம் முழுக்க ஓடியவருக்கு லீவு நாளில் தலை வலிக்கிறது. இதை "உடம்பு ஓய்வுக்குப் பழகலை" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. சனிக்கிழமை சம்பளம், இரவு செகண்ட் ஷோ, ஞாயிறு காலை 10 மணிக்கு எழுவது. தூக்கம் இடம் மாறியது, காலைச் சாப்பாடு தள்ளிப்போனது, தினமும் 6 மணிக்குக் குடிக்கும் டீ 4 மணி நேரம் தாமதம். மூன்றும் ஒரே நாளில் சேர்கின்றன.

டீ, காப்பியில் இருக்கும் காஃபீனுக்குப் பழகியவர்கள் அதை நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். சிலருக்கு ஒரு வாரம்கூட இழுக்கும். பழனிக்கு மாலை போட்ட அன்றே டீயை அடியோடு விட்டுவிட்டு, "விரதம் எனக்கு ஒத்துக்கலைங்க" என்பவர்கள் உண்டு. விரதத்தின் மேல் குற்றமில்லை. நாளைக்கு 6 டீ குடிப்பவர் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு டீயாகக் குறைத்துக்கொண்டு வந்தால் இந்த வலி பெரும்பாலும் வராது. எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது: தலை வலிக்கிறது என்று சாயங்காலம் 7 மணிக்கு ஸ்ட்ராங்காக ஒரு டீ. அப்போதைக்கு வலி குறையும். அப்புறம் ராத்திரி தூக்கம் கெடும், மறுநாள் அதே வலி திரும்ப வரும்.

நூல்மில்லில் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுகிறவர்களிடம் "நேரத்துக்குத் தூங்குங்கள்" என்று சொல்வது அநியாயம். அவர்களால் முடிவது, நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, ஜன்னலில் கெட்டியான துணியைப் போட்டு இருட்டாக்கி, அந்த வாரம் முழுக்க ஒரே நேரத்தில் படுப்பது.

எல்லாமே சைனஸ் இல்லை

இதுதான் நம் கொங்குப் பக்கத்தில் நடக்கும் பெரிய குழப்பம் என்று நினைக்கிறேன். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று அடிக்கிற மாதங்களில் மப்ளர் கட்டாத தலையைப் பார்ப்பது அபூர்வம். நெற்றி வலிக்கிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது, மூக்கு ஒழுகுகிறது. உடனே "எனக்கு சைனஸ்" என்று அவரவரே முடிவுகட்டிவிடுகிறார்கள்.

அப்படிச் சொல்பவர்களில் நிறையப் பேருக்கு இருப்பது மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி. மைக்ரேன் வரும்போது முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு தூண்டப்பட்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் வரலாம். வானிலை மாறினாலும் மைக்ரேன் கிளம்பலாம் என்பதால் காற்றின் மேல் பழி போடுவது சுலபமாகிவிடுகிறது. பேர் ஒற்றைத் தலைவலியாக இருந்தாலும் அது இரண்டு பக்கமும் வரும், பிடரியில்கூட வரும்.

வித்தியாசம் பார்க்க ஒரு வழி. உண்மையான சைனஸ் தொற்றில் மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் கெட்டியான சளி, மூக்கடைப்பு, மணம் தெரியாமல் போவது, சில நேரம் காய்ச்சல் இருக்கும். மைக்ரேன் என்றால் விண்விண்ணென்று தெறிக்கும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, குமட்டும், மாடிப்படி ஏறினால் கூடும். மருந்தில்லாமல் விட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை இருந்துவிட்டுத் தானே போகும், சில வாரம் கழித்து மறுபடி வரும். பெண்களுக்கு ஆண்களைப் போல இரண்டு மூன்று மடங்கு அதிகம், மாதவிலக்கை ஒட்டி வருவதும் சகஜம்.

தப்பாகப் பேர் வைத்தால் என்ன ஆகும்? அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) பாசத்தோடுதான் விரலி மஞ்சளை எண்ணெயில் தோய்த்து, விளக்கில் சுட்டு, அந்தப் புகையைப் பேத்தியின் மூக்கருகே காட்டுகிறார். பேத்தி புழக்கடைக்கு ஓடிப்போய் வாந்தி எடுக்கிறாள். "பித்தம் வெளிய போயிருச்சு கண்ணு, இனிச் செரியாயிரும்" என்கிறார் அமுச்சி. வேடிக்கை என்னவென்றால், சரியாகியும் விடுகிறது. மைக்ரேன் பலருக்கு வாந்தி எடுத்தபின் தணியும். வாசனையே ஆகாத வலிக்குப் புகையைக் காட்டி வாந்தியை வரவழைத்ததற்கு மஞ்சளுக்குப் பெருமை சேர்ந்துவிட்டது. மைக்ரேன் நேரத்தில் காரமான தைலத்தை நெற்றி நிறைய அப்புவதும் இப்படித்தான். சிலருக்கு மெந்தால் குளிர்ச்சி இதம், சிலருக்கு அந்த வாசனையே எமன். ஆஸ்துமா இருப்பவர்கள் மஞ்சள் புகைப் பக்கமே போக வேண்டாம்.

மைக்ரேனுக்கு வேண்டியது இருட்டறை, அமைதி, நெற்றியில் பிழிந்த ஈரத்துணி, முடிந்தால் ஒரு தூக்கம். குமட்டல் லேசாக இருக்கும்போதே இஞ்சித் தண்ணீர் கொஞ்சம் குடித்தால் சிலருக்குக் கேட்கும். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை இருந்தால் வலி ஆரம்பத்திலேயே போட வேண்டும். "முத்தட்டும், பார்க்கலாம்" என்று காத்திருந்து போட்டால் சரியாக வேலை செய்யாது.

செக்கிங் செக்‌ஷனில் டியூப் லைட்டுக்குக் கீழே குனிந்தபடி துணியைப் பார்த்துக்கொண்டே நிற்பவர்களுக்குச் சாயங்காலம் வரும் வலி வேறு. தலையைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கியதுபோல இருக்கும், குமட்டாது. அதற்குப் பிடரியில் வெந்நீர் ஒத்தடமும், தோளைப் பிடித்துவிடுவதும், கொஞ்சம் நடப்பதும் நன்றாகவே கேட்கும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, 20 அடி தள்ளி எதையாவது 20 வினாடி பார்த்தால் கண்ணுக்கும் ஓய்வு. சூப்பர்வைசர் முறைத்தால் நான் பொறுப்பல்ல.

ஆவி, பத்து, துண்டு

சளி பிடித்து வரும் தலைபாரத்துக்கு நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது சுகம்தான். தவறு இலையில் இல்லை, பாத்திரத்தை வைக்கும் இடத்தில் இருக்கிறது. எரிகிற அடுப்பின் மேலேயே குனிவது, ஆடுகிற ஸ்டூலில் வைப்பது, கட்டிலில் மடியோடு வைத்துக்கொள்வது, குழந்தையையும் போர்வைக்குள் இழுத்துக்கொள்வது. கொதிநீர் கவிழ்ந்து தொடை வெந்து ஆஸ்பத்திரிக்குப் போவது இப்படித்தான். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைக் கீழே இறக்கி, ஆடாத மேசையில் வைத்து, ஒரு நிமிடம் ஆறவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு 5 நிமிடம் பிடித்தால் போதும். சின்னக் குழந்தைகளுக்கு ஆவியே வேண்டாம்.

நீலகிரித் தைலமும் கற்பூரமும் இயற்கையானவைதான். ஆனால் குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரும் அளவுக்கு விஷம். இரண்டு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு மூக்கிலோ நெஞ்சிலோ கற்பூர எண்ணெய் தடவக் கூடாது. சாமி ரூமில் டப்பா கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சுக்குப் பத்துக்கு ஒரு பக்குவம் உண்டு. சந்தனக் கல்லில் தண்ணீர் விட்டுச் சுக்கை உரசினால் மாவுபோல ஒரு விழுது வரும். அதை முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். எரியவில்லை என்றால் நெற்றியில் மெல்லிசாகப் பூசலாம், புருவத்துக்குக் கீழே இறங்காமல். காய்ந்து இழுக்க ஆரம்பித்ததும் உரித்து எடுக்காமல் ஈரத்துணியால் நனைத்துத் துடைக்க வேண்டும். ராத்திரி முழுக்க விட்டுத் தூங்கினால், வியர்வையில் கரைந்து கண்ணில் இறங்கி, விடியும்போது தலைவலி போய்க் கண் எரிச்சல் வந்திருக்கும். சித்தா கடைகளில் கிடைக்கும் நீர்க்கோவை மாத்திரைக்கும் இதே பக்குவம்தான். அதை உரசி நெற்றியில் பூச வேண்டும். சுண்ணாம்பைக் குழைத்து நெற்றிப்பொட்டில் வைப்பது தோலை வேகவைக்கும். தும்பைச் சாற்றை மூக்கில் பிழிவதையும், குழந்தைகளுக்கு மூக்கில் எண்ணெய் விடுவதையும் விட்டுவிடலாம். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவே வந்திருக்கிறது.

துண்டை இறுக்கித் தலையில் கட்டுவது கொஞ்ச நேரத்துக்கு இதம். மணிக்கணக்கில் கட்டியிருந்தால் அந்த அழுத்தமே வலிக்கும். இறுக்கமான ஹெல்மெட்டும், கல்யாண வீட்டில் கனமான பூ ஜடையும் அப்படியே.

தலைக்குக் குளிக்கிற நாள்

எண்ணெய் தேய்த்துக் குளித்தால் தலைவலி போகும் என்று ஒரு கட்சி, குளித்தால்தான் வருகிறது என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சி சொல்வதும் நிஜம். மும்பையைச் சேர்ந்த தலைவலி நிபுணர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளித்தால் மைக்ரேன் கிளம்பும் 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006இல் ஒரு மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர்கள் வெள்ளிக்கிழமை காலையில் வெறும் வயிற்றில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு வெயிலில் கோயிலுக்குப் போவதைத் தவிர்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும். சாப்பிட்டபின் குளித்து, கூந்தலை நன்றாகத் துவட்டி உலர்த்திக்கொண்டு கிளம்பலாம்.

வெயிலும் பாதயாத்திரையும்

சித்திரை, வைகாசியில் தமிழ்நாட்டு வெப்பநிலைப் பட்டியலில் கரூர் பரமத்தி அடிக்கடி தலைகாட்டும். அந்த வெயிலில் வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் குடிப்பதைவிட உப்புப் போட்ட மோர், நீராகாரம் மேல். இளநீரும் சரிதான், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. தாகம் எடுத்தபின் ஒரே மூச்சில் இரண்டு லிட்டர் குடிப்பது முன்னெச்சரிக்கை ஆகாது.

தைப்பூசத்துக்குத் தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இரவெல்லாம் நடை, அரைத் தூக்கம், பகலில் வெயில். காலும் வலிக்கிறது, தலையும் வலிக்கிறது என்று டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளைக் கூட்டமாகப் பங்கிட்டுப் போடுவார்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். முதலில் நிழல், தண்ணீர், உப்பு, ஒரு மணி நேரத் தூக்கம். அப்புறமும் வலித்தால் பாராசிட்டமால்.

மாத்திரையே வலியாகும்போது

சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, காஃபீன் போன்றவை கலந்த கூட்டு மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் அந்த மாத்திரையாலேயே தினசரித் தலைவலி வரலாம். நம் ஊரில் ஒற்றை மாத்திரையாக வெட்டி வாங்குவதால் எத்தனை போட்டோம் என்ற கணக்கே இருப்பதில்லை. இப்படிப்பட்டவருக்குச் சுக்கும் கேட்காது, நொச்சியும் கேட்காது. மாத்திரையை நிறுத்த வேண்டும், மருத்துவர் துணையோடு, ஏனென்றால் முதல் சில நாள் வலி கூடும்.

கணக்கு வைக்க வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரே போதும். தினம் கிழிக்கிற காலண்டரில் குறித்தால் மறுநாள் குப்பைக்குப் போய்விடும், அதனால் மாதக் காலண்டர். வலித்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்டால் உள்ளே ஒரு புள்ளி, சாப்பாடு தவறியதா, தூக்கம் கெட்டதா, மாதவிலக்கா என்று ஓரிரு சொல். இரண்டு மாதம் இப்படிக் குறித்த தாளை எடுத்துக்கொண்டு போனால் மருத்துவர் கேட்கும் பாதிக் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கும்.

கைவைத்தியம் செய்யவே கூடாத இடங்கள்

தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வந்தவருக்குத் தலைவலியோடு எச்சில் ஊறுவது, வியர்ப்பது, வாந்தி, கண் மங்குவது என்று வந்தால் அது வெயில் தலைவலி இல்லை, பூச்சிமருந்து விஷம். துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, மருந்து பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சுக்குக் காப்பி போட்டுத் தர உட்காரக் கூடாது. ஊட்டிக்குப் போன இடத்தில் குளிருக்குக் கதவைச் சாத்திக் கரியடுப்பு மூட்டி, அறையில் இருக்கும் எல்லோருக்கும் தலை வலித்தால் உடனே வெளியே வாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

திடீரென்று, இதுவரை வராத அளவுக்கு, ஒரு நிமிடத்துக்குள் உச்சிக்கு ஏறும் வலி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பது. வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கை கால் தளர்வது. பைக்கில் விழுந்தபின் வலி கூடிக்கொண்டே போய் வாந்தியோ மயக்கமோ வருவது. கர்ப்பிணிக்குக் கடைசி மாதங்களில் தலைவலியோடு கண் மங்குவது. இதில் எது வந்தாலும் 108க்கு அழைக்க வேண்டியதுதான். 50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தலைவலி தொடங்கி, நெற்றிப்பொட்டைத் தொட்டாலே வலித்து, சோறு மெல்லும்போது தாடையும் வலித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், தாமதித்தால் பார்வை போய்விடலாம்.