நிறம் சொல்லித் தரும் விளையாட்டில் எங்கே சறுக்குகிறோம்?

வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால் போதும், “மாமாவுக்கு இது என்ன கலர்னு சொல்லு” என்று இரண்டு வயதுப் பிள்ளையைப் பிடித்து நிறுத்திவிடுகிறோம். பிள்ளை திருதிருவென்று விழிக்கும், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் ‘சிவப்பு’ என்று சொல்லித் தப்பிக்கும். நிறத்தின் பெயரைச் சொல்வது கடைசிப் படி. ஒரே நிறப் பொருள்களைச் சேர்த்து வைப்பது முதல் படி, “மஞ்சளை எடு” என்றால் சரியாக எடுப்பது அடுத்தது. இந்த இரண்டும் வராமல் பெயரைக் கேட்டால் விளையாட்டு பரீட்சையாகிவிடும்.

பொருள்களைத் தேர்ந்தெடுப்பதிலும் கோட்டை விடுகிறோம். மஞ்சள் பந்து, சிவப்பு ஆப்பிள், நீலக் கார் என்று பரப்பி வைத்தால், ‘மஞ்சள்’ என்று நாம் சொல்வது அதன் உருண்டை வடிவத்தையா, துள்ளுவதையா, நிறத்தையா என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறையில், முதல் வண்ணப் பெட்டியில் மொத்தமே 6 பலகைகள்தான். சிவப்பு, நீலம், மஞ்சள், ஒவ்வொன்றிலும் இரண்டு. அளவும் வடிவமும் ஒன்றே, நிறம் மட்டும் வேறு.

அதையே காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப் போதும். சிவப்பு மக்கின் விளிம்பில் சிவப்பு கிளிப், நீல மக்கில் நீல கிளிப். அழுத்தி மாட்டுவதில் விரலுக்கும் வேலை. முதலில் இரண்டு நிறம் மட்டும் போதும். பளிச்சென்று வேறுபடும் நிறங்களாக இருக்கட்டும். ஆரஞ்சையும் சிவப்பையும் பக்கத்தில் வைத்துக் குழப்ப வேண்டாம்.

சுவரில் மாட்டும் சார்ட்டை மட்டும் நம்புவது இன்னொரு தவறு. அதில் வாழைப்பழம் எப்போதும் மஞ்சள். நம்மூர்ப் பழக்கடையிலோ செவ்வாழையும் தொங்குகிறது, பச்சைப்பழமும் தொங்குகிறது. கடைக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள். பழமும் நிறமும் வேறு வேறு என்பது அங்கே தானாகப் புரியும்.

பிள்ளை தப்பாக எடுத்தால் “ஐயோ, அது இல்ல!” என்று பதற வேண்டாம். “இது பச்சை. சிவப்பு எங்கே இருக்கு, பார்ப்போமா?” என்றால் சரி.

வண்ணம் பிரிக்க ராஜ்மா, மணி, பட்டன் என்று கொடுக்கிறவர்கள் கவனிக்கவும்: மூன்று வயதுக்குள் இவை வாய்க்கும் மூக்குக்கும்தான் முதலில் போகும். மஞ்சள்தூள் கரைத்த தண்ணீர் சிவப்பாக மாறும் வித்தையைக் காட்ட ஆரத்திக்குக் கரைப்பதுபோல் சுண்ணாம்பை எடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. சமையல் சோடா போட்டாலே மஞ்சள் தண்ணீர் சிவப்புச் சாயலுக்கு மாறும். அதையும் பெரியவர்களே போடுங்கள்.

ஐந்து வயதாகியும் சிவப்பையும் பச்சையையும் பிள்ளை தொடர்ந்து மாற்றிச் சொன்னால் ‘கவனமில்லை’ என்று திட்டாதீர்கள். நிறக்குருடாக இருக்கலாம். பெரும்பாலும் பிறவியிலேயே வருவது, ஆண் பிள்ளைகளிடம் அதிகம். கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அதுதான் என்று தெரிந்தால் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிவைத்து, கலர் பென்சில்களில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டிக் கொடுங்கள்.