ஏழு இலை வந்தா வெட்டணுமா? பழைய ரோஜா வளர்க்கிறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் இப்ப பழைய ரோஜா மேல நிறைய பேருக்கு ஆசை வந்திருக்கு. பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்து பின்கட்டைச் சுத்தம் பண்ணி, பன்னீர் ரோஸ், எட்வர்ட், டீ ரோஸ்னு தேடித்தேடி வைக்கிறாங்க, பாக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா "செடி பட்டுப்போச்சு, என்ன பண்ண"ன்னு எனக்கு வர்ற போட்டோவைப் பாத்தா, நாங்கல்லாம் ஆரம்பிச்ச காலத்துல பண்ணின அதே தப்புங்கதான் திரும்பத் திரும்ப வருது. தண்ணி தேங்கக்கூடாது, வெயில் வேணும்ங்கிறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள நான் போகல.

பழசுன்னா எல்லாம் நம்ம ஊர்ல வரும்னு நினைக்கிறது

1867ல 'லா பிரான்ஸ்'னு ஒரு ரோஜா வந்துச்சு, இப்ப நர்சரியில விக்கிற ஹைபிரிட் டீங்கிற புதுக்காலத்து வகைக்கு அதுதான் முதல்னு சொல்வாங்க, அதுக்கு முன்னாடியே இருந்த வகுப்புகளைத்தான் பழைய தோட்ட ரோஜான்னு சொல்றாங்க. ஆனா அதுக்குள்ளயே ரெண்டு கூட்டம் இருக்கு. கேலிகா, ஆல்பா, சென்டிஃபோலியா இதெல்லாம் குளிர் தேசத்து ஆளுங்க, நல்ல குளிர்ல தூங்கி எந்திரிச்சாத்தான் பூக்கும், அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை. நம்ம மார்கழிக் குளிர் அதுக்கு ஒரு மூலைக்கும் பத்தாது, இலையா வளரும், பூக்காது, ரெண்டு மூணு கோடையில நலிஞ்சு போயிடும். நமக்கு ஆகுறது சைனா, டீ, பூர்பான், நாய்செட் வகைங்க. 'ஓல்ட் பிளஷ்', 'லூயி பிலிப்', 'ம்யூட்டபிலிஸ்', 'டச்செஸ் டி பிரபான்ட்' இதெல்லாம் வெயில் தாங்கும், விட்டு விட்டு வருஷம் பூரா பூக்கும். நம்ம எட்வர்டும் பூர்பான் வம்சம்தான், 1800களோட தொடக்கத்துல ரீயூனியன் தீவுல வேலியா நட்டிருந்த சைனா ரோஜாவும் டமாஸ்க்ங்கிற இன்னொரு பழைய ரோஜாவும் தானா கலந்து வந்த கூட்டம் அது. கடலோரத் தீவுச் சூட்டுல பிறந்ததுக்கு நம்ம சூடு ஒண்ணும் புதுசில்ல. பூர்பான்லயே 'சுவனீர் டி லா மால்மேசன்' மாதிரி இதழ் நெருக்கமா அடுக்கினது மட்டும் ஐப்பசி மழையில மொட்டு விரியாமலே அழுகிடும், அதைத் தெரிஞ்சுக்கிட்டு வைங்க.

கொடைக்கானல்ல வீரராகவன், கிரிஜா தம்பதி மணிப்பூர் மலையில விளையிற ரோசா ஜைஜாண்டியாவையும் ஈரத்துல நிக்கிற ரோசா கிளினோஃபில்லாவையும் வச்சு வெப்ப ஊருக்குன்னே ரோஜா உருவாக்கினாங்க. வெப்பம் தாங்குற ரத்தம் இருக்கான்னுதான் முதல்ல பாக்கணும், பூ அழகு அப்புறம்.

நீல ரோஜா விதை

அப்படி ஒண்ணு கிடையாது. வாங்காதீங்க.

ஏழு இலைத் தளிரை நறுக்குறது

இதைத்தான் கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா இந்த ஒரு தப்புல போன செடிங்களைத் திரும்ப எங்கயும் வாங்க முடியாது.

"ஒரு காம்புல அஞ்சு இலை வந்தா நல்ல ரோஜா, ஏழு இலை வந்தா காட்டு ரோஜா, ஏழு இலைத் தளிரைப் பாத்த உடனே வெட்டிடுங்க"ன்னு ஒரு பேச்சு ஊர் பூரா ஓடுது, எந்த வீடியோவைப் போட்டாலும் இதைத்தான் சொல்றாங்க. இது வந்த இடம் எதுன்னா, நர்சரியில ஒட்டுக் கட்டி விக்கிற ஹைபிரிட் செடி. கீழ வேருக்கு ஒரு ரகம், பல இடத்துல மல்டிஃப்ளோராங்கிற காட்டு ரோஜா, மேல பூவுக்கு ஒரு ரகம். வேர்ச்செடி தளிர்விட்டு ஏறிடுச்சுன்னா மேல இருக்கிறதைத் தின்னுடும், மல்டிஃப்ளோராவுக்கு ஏழு, ஒன்பதுன்னு இலை இருக்கும், அதனால அந்தச் செடிக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரி. ஓரளவுதான், ஏன்னா ஹைபிரிட் டீயே நல்ல தெம்பா கிளை விட்டா அதுலயும் ஏழு இலை வரும்.

பழைய ரோஜாவுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. பன்னீர் ரோஸ், எட்வர்ட், டமாஸ்க் எல்லாத்துக்கும் அஞ்சும் வரும் ஏழும் வரும், அதோட இயல்பே அதுதான். அதுவும் போக நம்ம வீடுகள்ல இருக்கிற பழைய செடி முக்கால்வாசி குச்சி வச்சு வந்தது, இல்ல பதியம் போட்டு வந்தது. அதுல ஒட்டே கிடையாது, வேரும் அதே ரோஜா பூவும் அதே ரோஜா, அப்புறம் காட்டுத் தளிர் எங்க இருந்து வரும்?

தேவகோட்டையில எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆச்சி வீட்டுப் பின்கட்டுல ஒரு பன்னீர் ரோஸ் இருந்துச்சு, அவங்க மாமியார் காலத்துல குச்சி வச்சது, தூரு மணிக்கட்டு கனம், காலையில பூசைக்குப் பறிச்சா தட்டு நிறையும், வாசம் வளவு வரைக்கும் வரும். மகன் சென்னையில இருந்து வந்தவர், அக்கறையான மனுஷன்தான், லீவுல வர்றப்பல்லாம் உக்காந்து தூருல வர்ற புதுத் தளிரையெல்லாம் இலையை எண்ணி எண்ணி நறுக்கிட்டுப் போவார். ஆச்சி கேட்டிருக்காங்க, "ஏம்ப்பா, வர்ற தளிரையெல்லாம் வெட்டிட்டா செடி எதை வச்சுப் பொழைக்கும்?" அவர் "இல்ல ஆத்தா, இது காட்டு ரோஸு, விட்டா நம்ம செடி செத்துப்போகும்"னுருக்கார். ஆச்சி சொன்னதுதான் சரி. ரோஜாவுல ஒரு கிளை காலத்துக்கும் நிக்காது, கிளை கிழடாகும், அதுக்குப் பதிலா தூருல இருந்து புதுக்கிளை ஏறும், அப்படித்தான் அது நூறு வருஷம் கூட ஓடுது. புதுசை வரவிடாமப் பண்ணினா பழைய கிளை ஒண்ணொண்ணா கருகி ஒரு நாள் எல்லாம் முடிஞ்சிடும். அங்கயும் முடிஞ்சிடுச்சு. ஒரு குச்சி கூட மிஞ்சல. எனக்கு இன்னைக்கும் ஆத்திரமா வருது, அந்த மகன் மேல இல்ல, பாதி தெரிஞ்ச ஒரு விஷயத்தை எல்லாச் செடிக்கும் சேத்து அடிச்சுச் சொல்றாங்களே அவங்க மேல.

வெட்டுறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க. தூருல மண்ணைக் கையால விலக்கிப் பாருங்க. ஒட்டுக் கட்டின செடின்னா ஒரு முடிச்சு புடைச்சுத் தெரியும், தளிர் அதுக்குக் கீழ வேர்ல இருந்து கிளம்புதா மேல இருந்து கிளம்புதான்னு பாருங்க. முடிச்சே இல்லன்னா கையை எடுத்துடுங்க, அது உங்க செடிதான். முடிச்சு மண்ணுக்குள்ள ஆழமாப் போயி சந்தேகமா இருந்தா இலைக்காம்பு தண்டுல ஒட்டுற இடத்தைப் பாருங்க, அங்க இழை இழையாப் பிசிறு தொங்குனா மல்டிஃப்ளோராவா இருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் தெரியலன்னா ஒரு தடவை பூக்க விட்டுப் பாத்துடுங்க, ஒரு பூ பூக்குறதுக்குள்ள ஒண்ணும் குடிமுழுகிடாது. நிஜமாவே வேர்த்தளிர்னா கத்திரியால நறுக்காம, கிளம்புற இடத்துலயே பிடிச்சுப் பிச்சு எடுங்க, நறுக்கினா ஒண்ணு இருந்த இடத்துல நாலு வரும்.

இன்னொண்ணும் கேட்டுக்கங்க, எட்வர்டையே வேர்ச்செடியா வச்சு ஒட்டுக் கட்டுற வழக்கமும் நம்ம நாட்டுல உண்டு. அதனால மேல இருந்த ஹைபிரிட் செத்து கீழ இருந்து வாசமா ரோஸ் கலர்ல ஏதாவது பூத்துச்சுன்னா பிடுங்கி எறிஞ்சிடாதீங்க, நீங்க காசு குடுத்துத் தேடுற பழைய ரோஜாவே அதுவா இருக்கலாம்.

காரை கொட்டின இடத்துல குழி எடுக்கிறது

செட்டிநாட்டு வீட்டுக்குன்னே உள்ள பிரச்சனை. நம்ம செம்மண் ரோஜாவுக்கு நல்ல மண்ணுதான், ஆனா சுவரோரமா எத்தனையோ தடவை மராமத்து பண்ணி உடைச்ச சுண்ணாம்புக் காரையை அங்கயே போட்டு மூடியிருப்பாங்க. அதுல வச்சா புதுத் தளிர் மஞ்சளாயிடும், நரம்பு மட்டும் பச்சையா நிக்கும், இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியலன்னு அர்த்தம். யூரியா போட்டா இது தீராது. ரெண்டடி ஆழம் தோண்டி வெள்ளைக் கட்டி வந்தா இடத்தை மாத்துங்க. உப்புப் போர் தண்ணி, சாஃப்ட்னர் தண்ணி, ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணி மூணுமே வேண்டாம். முற்றத்துல விழுற மழைத்தண்ணியை அந்தக் காலத்துல அண்டா வச்சுப் பிடிச்சாங்க, ரோஜாவுக்கு அதைவிட நல்ல தண்ணி இல்ல.

ஐப்பசியில மொட்டையடிக்கிறது

ஹைபிரிட் டீயை முழங்கால் உயரத்துக்கு கவாத்து பண்ற மாதிரி டீ, சைனா ரோஜாவைப் பண்ணக்கூடாது. காஞ்சது, மெலிஞ்சது, உரசுறது மட்டும் எடுங்க, மிஞ்சிப்போனா மூணுல ஒரு பங்கு. அதையும் அடைமழை ஓஞ்சு தை பொறக்கட்டும், மழையில வெட்டின வாய் கருகி உள்ள இறங்கும்.

குல்கந்துச் செடிக்கு மருந்து

அடிக்காதீங்க. கடையில வாங்கின புதுச்செடியோட பூவையும் கொஞ்ச மாசத்துக்கு வாயில வைக்காதீங்க.

பேரை யூகிச்சு எழுதுறது

வீட்டை இடிக்கிறாங்க, தூணும் கதவும் கடைக்குப் போகுது, ரோஜாவை யாரும் நினைக்கிறதில்ல. முன்னாடியே போய்க் கேட்டு பென்சில் கனத்துல, ஒரு சாண் நீளத்துல குச்சி எடுத்து மழைக்காலத்துல மணல் கலந்த மண்ணுல வைங்க, ரெண்டு மூணு வீட்டுக்குக் குடுத்து வைங்க. ஆனா நெட்ல ஒரு போட்டோவோட ஒத்துப்போகுதுன்னு அதுக்கு ஒரு பிரெஞ்சுப் பேரை மாட்டிவிடாதீங்க, அந்தத் தப்புப் பேரோடயே அது அம்பது வீட்டுக்குப் போயிடும். பெர்முடா தீவுல பேர் தெரியாத பழைய ரோஜாங்களுக்கு கிடைச்ச இடத்தோட பேரையே வச்சு 'ஸ்மித்ஸ் பாரிஷ்'னு கூப்பிடுறாங்க, உலகம் பூரா அந்தப் பேர்லயே தெரியுது. நீங்களும் "பள்ளத்தூர் பின்கட்டு ரோஸ்", "கானாடுகாத்தான் கிணத்தடி ரோஸ்"னு எழுதி, எந்த மாசம் எடுத்தது, எத்தனை தலைமுறையா அங்க இருந்துச்சுன்னு வீட்டுப் பெரியவங்க சொன்னதையும் சேத்து ஒரு தகரத் துண்டுல கீறித் தூருல கட்டிடுங்க. மார்க்கர்ல எழுதினா ஒரு கோடைக்கு நிக்காது.