மரியா காலஸ் லைவ் டேப்பை கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது நான் பண்ணின தப்பு, நீங்களும் பண்ணாதீங்க

போன வாரம் ஒரு தம்பி ஃபைல் அனுப்பினான், "அண்ணே, சூப்பரா கிளீன் பண்ணிட்டேன், கேட்டுப் பாருங்க"ன்னு. ஓபரா (பாட்டாவே நடக்குற மேடை நாடகம்) பாடகி மரியா காலஸ் 1959 மே மாசம் ஜெர்மனி ஹாம்பர்க்ல பாடின கச்சேரி. ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு ஹெட்ஃபோனை கழட்டி வெச்சுட்டேன். பதினஞ்சு வருஷம் முன்னாடி நான் பண்ணின அதே கூத்து, அச்சு அசலா அதே. அதனால தான் உக்காந்து இதை டைப் பண்றேன். டேப் டெக்கோட ஹெட்டை துடைங்க, லெவல் சிவப்புக்குப் போகக் கூடாது, அதெல்லாம் எவனும் சொல்லுவான், நான் சொல்லப் போறதில்ல.

எந்த கச்சேரின்னு தெரியாம வாங்குறது

ஹாம்பர்க்னு போட்டிருந்தா உடனே வாங்கிடாதீங்க. 1959 மே 15ல ஒண்ணு, ஆர்கெஸ்ட்ராவை நிக்கோலா ரெஷின்யோ நடத்தினது. 1962 மார்ச் 16ல இன்னொண்ணு, ஜார்ஜ் ப்ரெத்ர். ஊரும் ஆர்கெஸ்ட்ராவும் ஒண்ணு தான். ரெண்டுலயும் வெர்டியோட 'டான் கார்லோ' ஓபராவுல இருந்து ஒரு பாட்டு வேற இருக்கு, அதான் குழப்பம். 59ல அவங்க பாடினது ராணி எலிசபெத்தா பாட்டு, 62ல பாடினது எபோலி பாட்டு, அது மெஸ்ஸோ, அதாவது கொஞ்சம் தணிஞ்ச பெண் குரலுக்கு எழுதினது. இந்த ஒரு விஷயம் தெரியாம ஒரே கச்சேரியை மூணு வேற வேற அட்டையில காசு குடுத்து வாங்கினவன் நான். அட்டையை நம்பாதீங்க, பாட்டு வரிசையைப் பாருங்க.

கைதட்டலை வெட்டுறது

வெட்டாதீங்க.

ஸ்கோரை (எழுதி வெச்ச இசைத் தாளை) பார்த்து ஸ்பீடை திருத்துறது

இதுதான் இன்னிக்கு நினைச்சாலும் வயிறு எரியுற மேட்டர், கொஞ்சம் நீளமா தான் சொல்லுவேன்.

1958 டிசம்பர் 19, பாரிஸ் பலே கார்னியே ஓபரா ஹவுஸ். காலஸ் பாரிஸ்ல மொத தடவை பாடுறாங்க. அந்த வருஷம் ஜனவரியில தான் ரோம்ல 'நோர்மா' ஓபராவை மொத ஆக்ட்டோட நிறுத்திட்டுப் போய் ஊரே திட்டினது, இப்ப பிரான்ஸ் ஜனாதிபதி ரெனே கோட்டியே வந்து உக்காந்திருக்கார், டிவில லைவா போகுது. முன்பாதில தனிப் பாட்டுகள், 'நோர்மா'ல இருந்து காஸ்தா தீவா, 'பார்பர் ஆஃப் செவில்'ல இருந்து ஊனா வோச்சே. பின்பாதில 'டோஸ்கா' ரெண்டாவது ஆக்ட் முழுசா மேடையில, வில்லன் ஸ்கார்பியாவா கனமான ஆண் குரல்காரர் டிட்டோ கோப்பி.

இந்த ராத்திரியோட கேசட் ஒண்ணு எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர் கிட்ட இருந்துச்சு. எத்தனாவது காப்பியோ கடவுளுக்குத் தான் வெளிச்சம், ஆனா கைதட்டல் மட்டும் அவ்ளோ உயிரோட இருக்கும், அதுக்காகவே கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு காஸ்தா தீவாவை கீபோர்டுல வெச்சு பார்த்தா எஃப் ஷார்ப், நம்ம கணக்குல நாலரை கட்டை. அந்த வாரம் தான் எங்கயோ படிச்சிருந்தேன், 'நோர்மா'வுக்கு இசை எழுதின பெல்லினி தன் கையால எழுதினது ஜி மேஜர்னு, அதாவது அஞ்சு கட்டை. ஆஹா, டேப் அரைக்கட்டை இறங்கி ஓடுது, கண்டுபிடிச்சுட்டேன்டா!ன்னு ஒரே குஷி. மொத்த கச்சேரியையும் அரைக்கட்டை ஏத்திட்டேன்.

தமாஷ் என்னன்னா காஸ்தா தீவாவை ஜி மேஜர்ல யாரும் பாடுறதே அபூர்வம். காலங்காலமா ஒரு கட்டை இறக்கி எஃப்ல, நாலு கட்டையில தான் பாடுறாங்க, காலஸும் அப்படித்தான். அப்போ என் டேப் ஓடினது மெதுவா இல்ல, வேகமா! அரைக்கட்டை கீழ இறக்க வேண்டியதை இன்னும் அரைக்கட்டை மேல ஏத்தி வெச்சிருக்கேன். ஏற்கனவே ஆறு சதவீதம் வேகம், அதுல என் புண்ணியம் வேற.

நம்ம ஊர்ல பாடகர் தன் ஸ்ருதியில பாடுவார், எந்த கட்டைன்னு யாரும் பேப்பரைப் பார்த்து சொல்றதில்ல. அங்க எல்லாம் எழுதி வெச்ச படி தான்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன், அதுதான் அடிப்படைத் தப்பு. ஊனா வோச்சேவும் இதே கதை, ரோசினி எழுதினது இ மேஜர், தணிஞ்ச பெண் குரலுக்கு. சோப்ரானோக்கள், அதாவது உச்சக் குரல் பாடகிகள், நிறைய பேர் எஃப்ல பாடுவாங்க. சரியா அரைக்கட்டை வித்தியாசம், டேப் வேகமா ஓடுதா இல்ல பாடினவங்களே ஏத்திப் பாடினாங்களான்னு அந்தப் பாட்டை மட்டும் வெச்சு சொல்லவே முடியாது.

அப்போ எதை வெச்சு பார்க்குறது? விடை அதே கேசட்டோட பி சைடுல இருந்துச்சு. டோஸ்காவோட விஸ்ஸி தார்த்தே பாட்டு, இ ஃப்ளாட், ரெண்டரை கட்டை. ஒரு ஆக்ட் முழுசா ஆர்கெஸ்ட்ரா நிக்காம ஓடும்போது நடுவுல யாரும் ஸ்ருதியை மாத்த மாட்டாங்க. அதை மட்டும் போட்டுப் பார்த்திருந்தா மூணு கட்டையில வந்திருக்கும், டேப் வேகம்னு பட்டுனு தெரிஞ்சிருக்கும். நான் ஏ சைடுலயே ஜட்ஜ்மென்ட் எழுதிட்டேன்.

இன்னொரு சாட்சியும் இருந்துச்சு, அதை நானே கொன்னுட்டேன். பழைய டேப்ல எல்லாம் கரண்ட் ஹம் ஒண்ணு அடியில ஓடும், அந்த 'ம்ம்ம்' சத்தம். ஐரோப்பாவுல 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவுல 60. சத்தத்தை ஹெர்ட்ஸ் வாரியா படமா காட்டுற ஸ்பெக்ட்ரம் திறந்து பெருசு பண்ணிப் பார்த்தப்போ ரெண்டு கோடு தெரிஞ்சுது, 50ல ஒண்ணு, 53ல ஒண்ணு. 50ல இருந்தது என் வீட்டு கரண்ட், என் டெக்ல இருந்து வந்தது. 53ல இருந்தது முன்னாடி எப்பவோ காப்பி எடுத்தப்போ ஏறின ஹம், அதுவும் ஏறும்போது 50 தான், டேப் வேகமா ஓடுறதால 53ன்னு காட்டுது. 53ஐ 50ஆல வகுத்துப் பாருங்க, 1.06, அரைக்கட்டைன்னா அதே தான். கோடு போட்டு காட்டிக் குடுக்குது! நான் என்ன பண்ணினேன், ரெண்டும் இரைச்சல்னு ஃபில்டர் போட்டு வழிச்சு எடுத்துட்டுத் தான் ஸ்பீடு வேலையையே ஆரம்பிச்சேன். (ஹம்மை மட்டுமே நம்பாதீங்க, எந்த காப்பில ஏறினதோ அதுக்கு அப்புறம் வந்த ஸ்பீடு தப்பை தான் அது சொல்லும். பாட்டும் ஹம்மும் ஒரே பக்கம் கை காட்டினா திருத்துங்க.)

இதோட நின்னுச்சா, இல்ல. ஸ்ருதி மட்டும் மாறும், வேகம் மாறாதுன்னு ஒரு ஆப்ஷன் இருக்குமே, அதுல தான் ஏத்தினேன். டேப் வேகமா ஓடினா ஸ்ருதியும் வேகமும் சேர்ந்து தான் ஏறும், அப்போ ரெண்டையும் சேர்த்துத் தான் இறக்கணும், ஸ்பீடுன்னு இருக்குற ஆப்ஷன். ஸ்ருதியை மட்டும் இழுத்தா குரல்ல ஒரு பிளாஸ்டிக் பூச்சு வரும், கைதட்டல் எல்லாம் கொழகொழன்னு ஆயிடும். எந்தக் கைதட்டலுக்காக கெஞ்சி வாங்கினேனோ அதே கைதட்டல்.

அப்புறம் எம்பி3 ஆக்கினேன். டிஸ்க்ல இடம் இல்லன்னு மூல வேவ் ஃபைலை அழிச்சேன். கேசட்டை திருப்பிக் குடுத்தேன். அஞ்சு பேருக்கு சிடி போட்டு "இதுதான்யா சரியான ஸ்ருதி"ன்னு லெக்சர் வேற. அதுல ஒருத்தர், வயலின் வாசிக்கிறவர், போன்ல கேட்டது இவ்ளோ தான்: "ஏன்யா, கோப்பி பேசுறது ஏன் சின்னப் பையன் மாதிரி இருக்கு?" பெரியவர் வீட்டுக்கு ஓடினேன், வீடு மாறும்போது கேசட் பெட்டியை எடைக்குப் போட்டுட்டாங்களாம். அந்த கச்சேரி கடையில இப்ப நல்ல தரத்துல கிடைக்குது, அது வேற. அந்த கேசட் போனது போனது தான்.

10, 15 சென்ட் (அரைக்கட்டையில நூத்துல ஒரு பங்கு தான் ஒரு சென்ட்) வித்தியாசத்துக்கு தலையை பிச்சுக்கிறது

அந்தக் கால ஆர்கெஸ்ட்ரா எல்லாம் ஸ்ருதி சேர்க்குற 440 ஹெர்ட்ஸ்ல கரெக்டா நின்னு வாசிக்கல. விடுங்க.

ஹிஸ்ஸை (டேப்போட 'ஸ்ஸ்' இரைச்சலை) முழுசா எடுக்குறது

ஹிஸ் போனா கூடவே 'ஸ்', 'த்' எல்லாம் மழுங்கும், மூச்சு எடுக்குற சத்தம் போயிடும். காலஸ் கிட்ட பாதி நடிப்பே அந்த மூச்சுல தான் இருக்கு. எடுத்தே ஆகணும்னா பாதியோட நிறுத்துங்க.

கடைசி டூர்ல இருந்து ஆரம்பிக்கிறது

1973 அக்டோபர்ல ஹாம்பர்க்ல ஆரம்பிச்சு 1974 நவம்பர்ல ஜப்பான் சப்போரோல முடிஞ்ச டூர், கூட பாடினது டி ஸ்டெஃபானோ, பக்கவாத்தியம் வெறும் பியானோ. காலஸ்னா இவ்ளோ தானான்னு முடிவு பண்ணிடுவீங்க. 58, 59 கேட்டுட்டு அப்புறம் வாங்க.

அந்த தம்பி கிட்ட கிளீன் பண்ணாத மூல ஃபைல் இருக்கான்னு கேட்டேன், நல்ல வேளை இன்னும் அழிக்கல, நேத்து ராத்திரி அனுப்பினான். திறந்து பார்த்தா அடியில ரெண்டு கோடு, 50ல ஒண்ணு, 51.5 பக்கத்துல ஒண்ணு. "எதையும் தொடாத, நான் வர்றேன்"ன்னு மெசேஜ் போட்டிருக்கேன், இன்னும் ப்ளூ டிக் வரல.