குழந்தைக்குத் தினமும் வைட்டமின்: கடலோர வீடுகளில் நடக்கும் தவறுகள்

ராமநாதபுரம் கடலோரத்தில் கைக்குழந்தை இருக்கும் பல வீடுகளில் ஒரு விநோதத்தைப் பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கிய டானிக் வேளை தவறாமல் உள்ளே போகும். இலவசமாகக் கிடைத்த இரும்புச்சத்து சிரப் அலமாரி மூலையில் மூடி திறக்காமல் கிடக்கும். முதல் தவறு இதுதான். தேவையானதை விட்டுவிட்டுத் தேவையில்லாததைப் பிடித்துக்கொள்கிறோம்.

நன்றாகச் சாப்பிட்டு, ஓடியாடி, வயதுக்கேற்ற எடையுடன் வளரும் குழந்தைக்குத் தினசரி மல்டிவைட்டமின் தேவையில்லை. சில சத்துகள் மட்டும் விதிவிலக்கு. பிறந்ததிலிருந்து ஒரு வயது வரை தினமும் 400 யூனிட் வைட்டமின் டி வேண்டும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இது எதற்கு என்று கேட்பார்கள். தாய்ப்பாலில் வைட்டமின் டி மிகக் குறைவு. பச்சைக் குழந்தையை நாம் வெயிலில் விடுவதும் இல்லை. அடுத்தது வைட்டமின் ஏ. 9 மாதத்தில் தொடங்கி 5 வயது வரை, அரசுத் திட்டத்தில் மொத்தம் 9 தவணை. மூன்றாவது, 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இரு முறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப். தமிழ்நாட்டில் இந்த வயதுக் குழந்தைகளில் சுமார் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆகவே அலமாரியில் கிடக்கும் அந்த சிரப்பைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

அதை ஏன் நிறுத்துகிறார்கள்? மலம் கறுப்பாகப் போகிறது என்ற பயம்தான் பெரும்பாலும் காரணம். இரும்புச்சத்து கொடுத்தால் அப்படித்தான் போகும், அதனால் கெடுதல் இல்லை. சிரப்பைப் பாலோடும் தேநீரோடும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்; சத்து உடலில் சேராது. ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டிப் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோற்றில் நாட்டம் குறையும், ரத்தசோகையும் வரும். மணலில் செருப்பில்லாமல் விளையாடும் பிள்ளைகளுக்குக் கொக்கிப்புழுத் தொல்லையும் உண்டு என்பதால், ஒரு வயது முடிந்ததும் அரசு தரும் குடற்புழு மாத்திரையைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

‘எங்கள் வீட்டில் தினமும் மீன், பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்?’ என்பது அடுத்த தவறு. மீன் மிக நல்ல உணவு. பி12, புரதம் எல்லாம் அதில் உண்டு. நெத்திலியை முள்ளோடு தின்றால் கால்சியமும் கிடைக்கும். ஆனால் இரும்புச்சத்து மீனில் அவ்வளவாக இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், முள் குத்திவிடும் என்று சின்னப் பிள்ளைக்கு மீனைத் தராமல் குழம்பை மட்டும் சோற்றில் பிசைந்து ஊட்டுவது. குழம்பில் புளியும் மிளகாயும்தான் மிச்சம். சீலா, பாறை போன்றவற்றின் சதையை விரலால் நசுக்கி, முள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஊட்டலாம். கூடவே முட்டை, முருங்கைக்கீரை, பருப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள்தான் கரையில் நிற்கும். நாட்டுப்படகு மீன் வரும். அதுவும் கிடைக்காத நாளில் கருவாட்டை நம்புவதைவிட முட்டை மேல், கருவாட்டில் உப்பு அதிகம்.

உண்மையில் ஆபத்தானது இரட்டிப்புதான். வளைகுடா நாடுகளில் வேலை செய்பவர்கள் அனுப்பும் பெட்டியில் மிட்டாய் போன்ற வைட்டமின் இருக்கும், கூடவே மீன் எண்ணெய் மாத்திரை, உள்ளூர்க் கடையின் சொட்டு மருந்து. மூன்றிலும் ஏயும் டியும் இருக்கலாம். இவை இரண்டும் சிறுநீரில் வெளியேறாமல் உடலில் தங்கிச் சேர்பவை. பெரியவர்களுக்கு வாரம் ஒன்று என எழுதித்தரும் 60,000 யூனிட் வைட்டமின் டியைக் குழந்தைக்குத் தினமும் கொடுத்தால் சிறுநீரகம் கெடும். ஒரு பாட்டிலின் சொட்டுக்குழாயை இன்னொன்றுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஒன்றில் ஒரு மில்லியில் இருக்கும் அளவு மற்றொன்றில் ஒரே சொட்டில் இருக்கும்.

பசி டானிக் என்று கேட்டு வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை: அவற்றில் சில வைட்டமினே அல்ல, தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மருந்து. மருத்துவர் சொல்லாமல் தொடவே வேண்டாம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, முட்டை, பால்கூடத் தராத சைவ வீட்டுக் குழந்தை, நீண்ட நாள் வயிற்றுப்போக்கோ வலிப்பு மருந்தோ உள்ள குழந்தை ஆகியோருக்குக் கணக்கு வேறு. மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். அவரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லாப் பாட்டில்களையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கர்ப்பிணிக்குத் தந்த இரும்பு மாத்திரையை மட்டும் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சில மாத்திரைகளை விழுங்கினாலே சிறு குழந்தைக்கு உயிராபத்து.