பகிடி சரியில்லை என்று சொல்வதற்கு முன்

முப்பது செக்கன் கிளிப் ஒன்றைப் போனில் பார்த்துவிட்டு ‘அந்தாளுக்குச் சிரிக்க வைக்கத் தெரியாது’ என்று முடிவு கட்டுவதுதான் ரசிகர்கள் விடும் முதல் பிழை. மேடையில் தனியாக நின்று ஒரு மணித்தியாலம் பகிடி பேசும் ஸ்டாண்ட் அப் கலைஞர், பத்தாவது நிமிடத்தில் சும்மா போட்டுவைத்த ஒரு சொல்லை ஐம்பதாவது நிமிடத்தில் திரும்ப எடுப்பார். சபை வெடிப்பது அங்கேதான். கிளிப்பில் வெடிப்பு மட்டும் வரும், திரி வராது. நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். மலையகத்து மஸ்கெலியாவுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பத்து நிமிடம் முந்தி எழும்பினால், பலரும் கடைசிக்கென்றே ஒதுக்கிவைக்கும் பகுதி போய்விடும். எழும்பிப் போவதில் பிழையில்லை. போய்விட்டு, ‘முடிவு சப்பென்று இருந்தது’ என்று சொல்வதுதான் பிழை.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுப்பது. 2005இல் விஜய் டீவியில் தொடங்கிய ‘கலக்கப்போவது யாரு’ ஒரு போட்டி. சில நிமிடங்களுக்குள் மிமிக்ரி, வேஷம், பாட்டு என்று எதையாவது காட்டி நடுவரைச் சிரிக்க வைக்க வேண்டும். அடுத்த சுற்றுக்குப் புதுச் சரக்கு வேண்டும். நடிகர் சிவகார்த்திகேயன் வந்த வழி அது. ஸ்டாண்ட் அப்காரர் தன் ஒரு மணித்தியாலத்தை மாதக்கணக்கில் சின்ன மேடைகளில் சொல்லிப் பார்த்து, சிரிப்பு விழாத வரியை வெட்டி வெட்டித்தான் சேர்க்கிறார். அதைப் போட்டிச் சுற்றின் வேகத்தோடு ஒப்பிட்டு ‘இழுவை’ என்பது, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசில் தங்கம் நிறுப்பது மாதிரி. (இரண்டில் எது தங்கம் என்று கேட்டுச் சண்டைக்கு வராதீர்கள்.) ‘லொள்ளு சபா’ இன்னொரு வகை. அது படங்களைக் கிண்டலடித்த நிகழ்ச்சி. மூலப் படத்தைப் பார்க்காதவருக்குப் பாதிச் சிரிப்பு அங்கேயே போய்விடும். அதற்கு அதில் நடித்த சந்தானம் என்ன செய்வார்?

டீவியில் கேட்கும் சிரிப்பை வைத்து மார்க் போடுவதும் ஆபத்து. சிரிப்பொலியைப் பிறகு சேர்க்கலாம், கூட்டலாம். வயிறு பிடித்துச் சிரிப்பவரின் முகம் வேறு ஒரு பகிடிக்கு எடுத்ததாகவும் இருக்கலாம். ஸ்டாண்ட் அப் பதிவுகளில் இரண்டு காட்சிகளை ஒரே சட்டையோடு எடுத்து ஒன்றாக ஒட்டுவது வழக்கம். மேசையில் இருக்கும் தண்ணீர்ப் போத்தலைக் கவனியுங்கள். கால்வாசி இருந்த தண்ணீர் அடுத்த நிமிடம் முக்கால்வாசி ஆகியிருந்தால் அங்கே வெட்டு விழுந்திருக்கிறது.

ஆனால் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் திருப்பிச் சொல்வதில்தான். மலையகத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தைப் பற்றி இப்படி ஒரு பகிடி என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘எங்க லயத்துல பக்கத்து வீட்ல கறி தாளிச்சா, நமக்குத் தும்மல் வரும். கறி வராது.’ லயத்துத் தடுப்புச் சுவர் கூரை வரைக்கும் போகாத வீடுகளில் இருந்தவர்களுக்கு மூக்கிலேயே புரிந்துவிடும். இதையே ரசிகர் ஒருவர் மறுநாள் சொல்கிறார்: ‘பக்கத்து வீட்டுக்காரன் கறி குடுக்க மாட்டானாம், தும்மல் மட்டும்தான் வருமாம்.’ யாரும் சிரிப்பதில்லை. கடைசியில் விழவேண்டிய கறி முதலிலேயே விழுந்துவிட்டது. ‘வரும், வராது’ என்ற இரட்டையும் உடைந்துவிட்டது. கூடவே ‘மாட்டானாம், வருமாம்’ வந்து சொல்பவரை மேடையிலிருந்தே இறக்கிவிட்டது. பகிடி செத்த பழி மட்டும் கலைஞர் தலையில். திருப்பிச் சொல்வதென்றால் சொல் மாறாமல் சொல்லுங்கள். இன்னும் நல்லது, நிகழ்ச்சியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது.

இதே பகிடியைக் கொழும்பு மேடையில் ஒருவர் ‘தோட்டத்துப் பேச்சு’ என்று குரலைக் கோணலாக்கிச் சொன்னால் கதை வேறு. முதலில் சிரிப்பு கறி தராத அயலவர் மேல் விழுந்தது; இப்போது லயத்தில் இருப்பவர் மேல் விழுகிறது. இதற்குக் கோபப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் ‘மலையகத்தைக் கேவலப்படுத்திட்டான்’ என்று மொட்டையாக எழுதினால் எடுபடாது. எந்த வரி, யார் மேல் சிரிப்பு என்று காட்ட வேண்டும். ஒரு சோதனை இருக்கிறது: அந்த வரியைச் சாதாரணத் தமிழில் எழுதிப் பாருங்கள். எழுதியதும் ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால், அங்கே உச்சரிப்பைத் தவிர வேறு பகிடி இருக்கவில்லை.

அதற்காகப் பேச்சு வழக்கில் பகிடி பண்ணுவதே தப்பு என்று போய்விடவும் கூடாது. இலங்கை வானொலியின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ நாடகத்தில் மரிக்கார் ராமதாஸ் முஸ்லிம் தமிழும், அப்புக்குட்டி ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழும், உபாலி செல்வசேகரன் சிங்களம் கலந்த தமிழும் பேசினார்கள். ஆளுக்கொரு குணம் இருந்தது. பேச்சு அந்தக் குணத்தோடு வந்தது.

சென்னைக் கலைஞர் டாஸ்மாக் மதுக்கடை, ரேஷன் கடை என்று அடுக்கும்போது புரியாவிட்டால் ‘எனக்குப் புரியவில்லை’ என்று எழுதுங்கள். ‘மொக்கை’ என்று எழுதாதீர்கள். எங்கள் ஊர்ச் சாராயக் கடையான தவறணையை வைத்து ஒரு பகிடி சொன்னால் சென்னைக்காரரும் அப்படித்தான் முழிப்பார்.

ஆனி, ஆடி மழையில் டிஷ் சிக்னல் விழுந்து, கலைஞர் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றால், அதை அவருடைய டைமிங் கணக்கில் சேர்க்க வேண்டாம்.