பித்தப்பை கல்லு குடலை அடைச்சா பண்ணக்கூடாத தப்புங்க

பண்ருட்டி பக்கம் பலாப்பழ சீசன்ல வயசான அம்மாவுக்கு வயித்துவலி, வாந்தின்னா உடனே "பழம் ஒத்துக்கல, வாயு"ன்னு ஓம வாட்டர் குடுத்துடுவோம். பல நேரம் அது வாயுவாவே இருக்கும். ஆனா வயிறு உப்பிக்கிட்டே போவுது, மோஷன் போகல, காத்தும் பிரியல, வாந்தி பச்சையா வருதுன்னா குடல் அடைப்பா இருக்கலாம், அதுக்குப் பித்தப்பை கல்லும் ஒரு காரணம், இது நம்மள்ல நெறைய பேருக்குத் தெரியறதே இல்ல.

வருஷக்கணக்கா உள்ள கெடக்குற பெரிய கல்லு, பெரும்பாலும் 2.5 சென்டிமீட்டருக்கு மேல இருக்குறது, பித்தப்பை சுவரையும் அதோட ஒட்டிக்கிட்ட குடல் சுவரையும் புண்ணாக்கி ஓட்டை போட்டு குடலுக்குள்ள எறங்கிடும். அப்புறம் நகர்ந்து நகர்ந்து சிறுகுடல் முடியிற குறுகலான எடத்துல மாட்டிக்கும். அபூர்வம்தான், ஆனா 60 தாண்டினவங்களுக்கு, அதுலயும் பெண்களுக்கு அதிகம்.

ரொம்ப ஆபத்தான தப்பு, வலி கொறஞ்சதும் சரியாயிடுச்சுன்னு வீட்லயே இருந்துடறது. கல்லு சிக்குனா வலிக்கும், நகர்ந்தா விட்டுடும், மறுபடி கீழ போய் சிக்கும், இப்படி விட்டு விட்டு வந்தே நாள் ஓடிடும், அதுக்குள்ள வாந்தியில ஒடம்புல இருக்குற தண்ணி, உப்பெல்லாம் போய் கிட்னி வரைக்கும் பாதிக்கலாம். அம்மா "எனக்கு ஒண்ணுமில்ல, நீ வேலைக்குப் போ"ன்னுதான் சொல்லுவாங்க, தயவுசெஞ்சு கெளம்பிடாதீங்க.

பேதி மாத்திரை, விளக்கெண்ணெய் குடுக்கவே குடுக்காதீங்க, அடைச்ச குடலை முடுக்கினா இன்னும் மோசமாகும். கஞ்சியும் வேணாம். கல்லுன்னதும் வாழைத்தண்டு ஜூஸ் குடுக்கறாங்க, இது யூரின்ல போற கல்லு இல்லங்க.

108-க்கு போன் பண்ணி கடலூர் ஜி.ஹெச்.சோ, புதுச்சேரி கோரிமேடு ஜிப்மரோ, ஆபரேஷன் வசதி இருக்குற எடத்துக்குப் போயிடுங்க. பழைய ஸ்கேன்ல கல்லுன்னு போட்டிருந்தா அந்த ரிப்போர்ட்டை மறக்காம காட்டுங்க, "அது எப்பவோ பாத்தது, தொந்தரவே இல்ல"ன்னு நாமளே ஒதுக்கக்கூடாது. முன்னாடி கல்லு இருந்ததே தெரியாதவங்களும் நெறைய. எக்ஸ்ரேல கல்லு பல நேரம் தெரியாது, சிடி ஸ்கேன்லதான் அடைப்பு, கல்லு, அந்த ஓட்டை வழியா பித்தக்குழாய்க்குள்ள போன காத்து மூணும் நல்லா தெரியும், அதனால எதுக்கு இத்தனை டெஸ்ட்டுன்னு சண்டை போடாதீங்க.

குடலைத் திறந்து கல்லை எடுக்குறதுதான் வழக்கமான வைத்தியம். ஒடம்பு தாங்காத வயசானவங்களுக்கு பித்தப்பையை அப்போ தொடாம விட்டுடுவாங்க, அது டாக்டர் பாதியில விட்டதில்ல. ஆனா மிச்ச கல்லு மறுபடி எறங்கலாம்ங்கறதால டிஸ்சார்ஜ் அன்னைக்கே ரிவ்யூ எப்போன்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.